ரோச் போத்தல்

கிங்ஸ்டன் அந்தப் போத்தலை மேசைமேல் வைக்கவில்லை, குத்தினான். கண்ணாடிப் பலகை அதிர்ந்து, உள்ளே அடுக்கியிருந்த இருமல் மருந்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"இது உங்க போத்தல்தான?"

டெல்பின் ரோச் நிதானமாக மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். போடாமலே தெரியும். காப்பி நிறக் கண்ணாடி, தேன்மெழுகு பூசிய தக்கை, வெள்ளைச் சீட்டில் அவருடைய கையெழுத்து. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதியாகும் மாதம், அடியில் சிவப்பு மையில் 'ரோச்'.

"என் போத்தல்தான். முதல்ல மேசையில இருந்து கைய எடு."

அவன் கையை எடுத்தான். அறுபத்தாறு வயதிலும் டெல்பின் சொன்னால் ஆட்கள் கையை எடுத்துவிடுவார்கள். ஆனால் கிங்ஸ்டன் வாயை மூடவில்லை.

"எங்க மச்சான் இதத்தான் நாளைக்கு ஒண்ணா முழுங்கினாரு. மாலேக்குப் பத்து மைல் இருக்கையில நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு சுக்கான்மேலயே சாஞ்சிட்டாரு. அங்கன ஆஸ்பத்திரியில டாக்டர் இதத் தட்டிப் பாத்துட்டு, இது மாத்திரையா சுண்ணாம்பான்னு கேட்டிருக்காரு. போலி மாத்திரை வித்திருக்கிய, அக்கா."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த ஒருவர் சீட்டை மெல்ல மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை டெல்பின் பார்த்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மரியான் தண்டல், கிங்ஸ்டனுடைய அக்காள் புருசன். முப்பது வருடமாகத் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கல்லும் சிமெண்டும் ஏற்றிப் போகும் தோணியின் தலைவன். இரண்டு வருடத்துக்கு முன் இதயக் குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுசு முழுக்கத் தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின் போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த ஆஸ்பிரின் ரோச் போத்தலில்தான் போனது. வேறு எதில் போகும்?

டெல்பினுடைய தாத்தா காலத்தில் மாத்திரைகள் காகிதப் பொட்டலத்தில் வந்தன. கடலில் இரண்டு நாள் போனால் பொட்டலம் களியாகிவிடும். அவர்தான் கண்ணாடிப் போத்தலும் மெழுகுத் தக்கையும் கொண்டுவந்தார். அப்புறம் அலுமினிய அட்டை வந்தது. வந்தால் என்ன? ரோச் குடும்பம் அட்டைகளைக் கிழித்து மாத்திரைகளைப் போத்தலில் கொட்டிக்கொண்டே இருந்தது. அது மருந்துக்காக அல்ல, மரியாதைக்காக. ரோச் போத்தல் ஏறாத தோணியில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்ன மாலுமிகள் இருந்தார்கள்.

அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு நடை முடிந்து தோணி கரைக்கு வந்ததும் போத்தல் கடைக்கு வரும். கடையில் மூத்தவர் தக்கையைத் திறந்து மணந்து பார்ப்பார். நல்லதென்றால் மறுபடி மெழுகு பூசிக் கொடுப்பார். வாடை மாறியிருந்தால் அப்படியே கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவார். தாத்தா மணந்தார், அப்பா மணந்தார், இருபத்தைந்து வருடமாக டெல்பின் மணக்கிறார். 'ரோச் மூக்கு ஒத்துக்கிட்டா கடலும் ஒத்துக்கிடும்' என்பது பழைய துறைமுகத்தில் ஒரு சொல்வழக்கு.

இப்போதும் கை தானாகத் தக்கையைத் திருகியது. டெல்பின் போத்தலை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு மூச்சு. மூடினார்.

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

கிங்ஸ்டன் ஒரு மாதிரிப் பார்த்தான். அந்தப் பார்வையைத் திமிர் என்று டெல்பின் எடுத்துக்கொண்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் மணக்கவில்லைதான். கொரோனாவின் இரண்டாம் அலையில் பதினான்கு நாள் மாடியறையில் கிடந்து எழுந்தபோது காய்ச்சல் போயிருந்தது. அதோடு வாசனையும் போயிருந்தது. காப்பி மணக்கவில்லை, கருவாடு மணக்கவில்லை. திரும்பி வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. டெல்பின் யாரிடமும் சொல்லவில்லை. ரோச் கடையில் மூக்கு செத்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? நல்ல கம்பெனி மாத்திரை, நல்ல கண்ணாடி, நல்ல மெழுகு. மணப்பது வெறும் சடங்குதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லிச் சொல்லி நம்பியும் விட்டார்.

"வியாழக்கிழமை சங்கக் கூட்டம்," என்றான் கிங்ஸ்டன். தோணி மாலுமிகள் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். "இனி எந்தத் தோணிக்கும் ரோச் கடை மருந்து கிடையாதுன்னு தீர்மானம் போடப் போறோம். முப்பத்திரண்டு தோணியில இருக்க போத்தலையும் கொண்டாந்து உங்க கடை வாசல்ல உடைப்போம். போலீசுக்கும் எழுதிக் குடுப்போம்."

"கொண்டா. வாசல் எங்கயும் போகாது. அந்தப் போத்தலச் சங்கத்துப் பெட்டியில பூட்டி வை. சாவி உங்கிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட குடுத்துட்டுப் போனா, மாத்திட்டேன்னு அதுக்கு ஒரு கதை கட்டுவிய."

*

மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஜோன்ஸ் பேச்சை எடுத்தான். இறந்துபோன தம்பியின் மகன். நாற்பது வயது. கடையின் கம்ப்யூட்டரும் மொத்த விற்பனையும் அவன் பொறுப்பு.

"அத்தை, சென்னை சங்கிலிக் கடைக்காரங்க ஒரு வருசமா கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்க பேருல நடத்தலாம். பலகைய மாத்திட்டா ஆறு மாசத்துல சனங்க மறந்துருவாங்க."

"எதை மறப்பாங்க?"

"இந்தப் போலி மாத்திரைப் பேச்சை."

"அப்போ நாம போலிதான் வித்தோம்னு நீயும் சொல்லுதியா?"

"நான் எங்க சொன்னேன்?"

"பேரை மாத்திக்கிட்டு அதே தெருவுல நடக்குதவன் யாரு தெரியுமா? திருடன். உங்க தாத்தா பலகை அது. அதைக் கழட்டணும்னா என் சவப்பெட்டி முதல்ல வெளிய போகணும்."

ஜோன்ஸ் தட்டைத் தள்ளிவிட்டான். "அரசு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினா முடிவு வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் என்ன செய்யப் போறிய? வாசல்ல உக்காந்து சண்டை போடுவியளா?"

டெல்பின் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வந்தார். மூன்று மாதத்துக்கு முன் வெட்டி வைத்தது. பெட்டிக்குள் அடங்கும் மருந்துப் பரிசோதனைக் கருவியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஒரு பெண்ணின் படம். பெயர் ஜாஸ்லின். சொந்த ஊர் பக்கத்து நாசரேத்.

"இந்தப் பிள்ளைக்குப் போன் போடு. வியாழக்கிழமை வரச் சொல்லு."

"சரி. ஆனா புதன்கிழமையே வரச் சொல்லுவோம். முதல்ல வீட்டுல வச்சுப் பாப்போம். முடிவு நல்லா இருந்தா கூட்டத்துக்குக் கொண்டு போவோம்."

"வீட்டுக்குள்ள கதவச் சாத்திப் பாத்தா அதுக்குப் பேரு பரிசோதனை இல்ல, ஒத்திகை. வியாழக்கிழமைன்னு சொன்னேன்."

*

ஜாஸ்லின் வியாழன் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். நாற்பதை நெருங்கும் பெண். கையில் சக்கரம் வைத்த ஒரு பெட்டி; சிங்கப்பூரிலிருந்து லீவில் வருகிறவர்கள் இழுத்து வருவதைப் போன்றது.

"வணக்கம் ஆன்ட்டி."

"மிஸ் ரோச்னு கூப்பிடு. இல்லன்னா அக்கான்னு கூப்பிடு. நாசரேத்துக்காரங்களுக்கு ஞாயித்துக்கிழமை கோயில்ல மட்டும்தான் மரியாதை சொல்லிக் குடுப்பாங்களா?"

ஜாஸ்லின் சிரித்தாள். "சரிக்கா. ஆனா நான் ஒண்ணு முதல்லயே சொல்லிருதேன். இந்தப் பெட்டி காட்டுறது கோர்ட்டுல செல்லாது. அதுக்கு அரசு ஆய்வக முடிவுதான் வேணும். ரெண்டாவது, இது யார் பக்கமும் சாயாது. முடிவு உங்களுக்கு எதிரா வந்தாலும் நான் அதைத்தான் படிப்பேன்."

"கோர்ட்டுக்கு வேண்டாம். கடற்கரைக்கு வேணும். எதிரா வந்தா சத்தமாப் படி. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

காது நன்றாகவே கேட்கும் என்பது ஜோன்ஸுக்குத் தெரியும். அவன் பெட்டியை ஆட்டோவில் தூக்கி வைத்தான்.

*

பழைய துறைமுகத்தில் சங்கக் கொட்டகை நிரம்பி வழிந்தது. ஜூன் மாதம், பருவக்காற்று ஓய்வுக்குத் தோணிகளெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. வேலை இல்லாத நூறு நூற்றைம்பது ஆண்கள், ஒரு பக்கம் அவர்கள் வீட்டுப் பெண்கள். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மரியான் தண்டல். தோளில் துண்டு, கன்னம் ஒட்டி, முப்பது கிலோ இறங்கினவனைப் போல இருந்தான். டெல்பினைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். உட்காரு என்று அவர் கையைக் காட்டினார். தான் உட்காரவில்லை. நாற்காலி போட்டும் நின்றார்.

ஜாஸ்லின் மேசைமேல் பெட்டியைத் திறந்தாள்.

"என்னளா இது, ஏ.டி.எம். மெஷினா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"துட்டு வராது. உண்மை வரும்," என்றாள் ஜாஸ்லின். கொட்டகை சிரித்தது.

உள்ளே ஊசிக்குழல் போல இரண்டு சின்னப் பம்புகள், விரல் நீளத்தில் ஓர் எஃகுக் குழாய், அதன் முடிவில் ஒரு சின்ன விளக்கும் அதைப் பார்க்கும் ஒரு கண்ணும், ஒரு பேட்டரி, பக்கத்தில் மடிக்கணினி. பெரிய ஆய்வகங்களில் இதே வேலையைச் செய்கிற இயந்திரம் பீரோ அளவு இருக்கும் என்று அவள் சொன்னாள். அது நாள் முழுக்கக் கரைப்பானை லிட்டர் கணக்கில் குடிக்கும். இதற்கு ஒரு டம்ளரே அதிகம்.

"அது என்ன செய்யும்னு எங்களுக்குப் புரியுத மாதிரி சொல்லு," என்றான் கிங்ஸ்டன். அவன் கையில் சங்கத்தின் தீர்மானப் புத்தகம் இருந்தது. மேலே தலைப்பு எழுதிவிட்டே வந்திருந்தான்: போலி மாத்திரை விற்றது தொடர்பாக.

ஜாஸ்லின் எஃகுக் குழாயைத் தொட்டுக் காட்டினாள். "மாதா கோயில் திருவிழாக் கடைத்தெருன்னு வச்சுக்கோங்க. ஒரு முனையில ரெண்டு பேர் ஒண்ணா நுழையுதாங்க. ஒருத்தர் வேடிக்கை பாக்காம விறுவிறுன்னு நடந்து மறுமுனைக்கு வந்துருவாரு. இன்னொருத்தர் ஒவ்வொரு கடையிலயும் நின்னு விலை கேட்டுக்கிட்டு மெதுவா வருவாரு. இந்தக் குழாய்க்குள்ள இருக்குத மாவு மாதிரிப் பொடிதான் கடைகள். கரைச்சு ஊத்துத மருந்துல என்னென்ன இருக்கோ, ஒவ்வொண்ணும் தன் நேரத்துக்குத் தனியா வெளிய வரும். வாசல்ல நிக்க காவல்காரன் யார் வந்தா, எவ்வளவு வந்தாங்கன்னு கோடு போட்டுக் காட்டுவான்."

"என் படிப்புக் காலத்துல புயூரெட்டுல சொட்டுச் சொட்டா விட்டுப் பாப்போம்," என்றார் டெல்பின்.

"அது எவ்வளவு புளிப்பு இருக்குன்னு எண்ணும், அக்கா. ஆஸ்பிரினும் புளிப்பு, அது செத்தா வருததும் புளிப்பு. உயிரோட இருக்கது எது, சவம் எதுன்னு பிரிச்சுச் சொல்லாது. இது சொல்லும்."

மூன்று தடவை ஓட்டுவது என்று முடிவாயிற்று. முதலில் சுத்தமான ஆஸ்பிரின். அளவுகோலுக்காக ஜாஸ்லின் கொண்டு வந்தது. அடுத்தது அதே தொகுதி எண்ணில் ரோச் கடையில் மிஞ்சியிருந்த அட்டைகளில் ஒன்று. மூன்றாவது, சங்கத்துப் பெட்டியில் பூட்டியிருந்த போத்தல். அட்டையையும் மாத்திரையையும் கிங்ஸ்டனே எடுக்க வேண்டும் என்றார் டெல்பின்.

எடை போடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று கொட்டகைக்குள் புகுந்து விளையாடியது. சின்னத் தராசில் எண்கள் நிற்காமல் துள்ளின. ஃபேனை நிறுத்தினார்கள். அப்போதும் துள்ளின. டெல்பின் தன் கறுப்புக் குடையை விரித்துத் தராசுக்குக் காற்று வரும் பக்கமாகப் பிடித்தார். "யாரும் மூச்சு விடாதிய," என்று ஒருவன் அதட்ட, கொட்டகையே வாயைப் பொத்திக்கொண்டது. எண் நின்றது.

முதல் ஓட்டம் ஐந்து நிமிடம். திரையில் நேர்கோடு ஒன்று ஊர்ந்து வந்து, திடீரென்று கோபுரம் போல எழும்பி இறங்கியது. "இதுதான் ஆஸ்பிரின்," என்றாள் ஜாஸ்லின்.

இரண்டாவது, அட்டையிலிருந்து எடுத்தது. அதே இடத்தில் அதே கோபுரம். "தொண்ணூத்தெட்டரை சதவீதம். நல்ல மாத்திரை."

கூட்டம் சலசலத்தது. ஜோன்ஸ் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கிங்ஸ்டன் சங்கத்துப் பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்தான். தக்கையைப் பிடுங்கினான்.

முன்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சுளித்தாள். அடுத்தவள் முந்தானையை எடுத்தாள். இரண்டாம் வரிசையில் ஒருவன், "காடி வாடைல்லா அடிக்கி," என்றான். "ஊறுகாய்ப் பானையத் திறந்த மாதிரி இருக்கு."

டெல்பின் மூச்சை இழுத்தார். ஒன்றும் இல்லை. கடற்காற்று கன்னத்தில் பட்டது, அவ்வளவுதான். மறுபடி இழுத்தார். நூறு மூக்குகளுக்கு எட்டிய ஒன்று, ரோச் மூக்குக்கு எட்டவில்லை. கெட்டுப்போன ஆஸ்பிரின் காடி வாடை அடிக்கும் என்பது அவர் இந்தத் தொழிலில் கற்ற முதல் பாடம். அன்று கடையில் கிங்ஸ்டன் ஏன் அப்படிப் பார்த்தான் என்பது இப்போது விளங்கிற்று.

ஜோன்ஸ் பக்கத்தில் வந்து காதோடு சொன்னான். "அத்தை, பேட்டரி தீந்துட்டுன்னு அந்தப் பிள்ளையைச் சொல்லச் சொல்லட்டுமா? இன்னொரு நாள்..."

"உக்காருலே."

குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. ஜாஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள். "ஓட்டவா, அக்கா?"

"ஓட்டு."

கோடு ஊர்ந்தது. கோபுரம் எழும்பியது, ஆனால் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே களைத்து நின்றது. கிங்ஸ்டன், "பாத்தியளா!" என்று புத்தகத்தைத் தட்டினான். ஜாஸ்லின் கையை உயர்த்தி அவனைப் பொறுக்கச் சொன்னாள். கோடு இன்னும் ஊர்ந்தது. பிறகு, முதல் இரண்டு படங்களிலும் ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில், இன்னொரு கோபுரம் எழும்பியது.

"ஆஸ்பிரின் அறுபத்திரண்டு சதவீதம்தான் இருக்கு," என்று ஜாஸ்லின் சத்தமாகப் படித்தாள். "இந்த ரெண்டாவது ஆளு சாலிசிலிக் அமிலம். ஈரம் பட்டு ஆஸ்பிரின் உடைஞ்சா வருது. அது இருந்து பிரயோசனம் இல்ல; ரத்தம் கட்டாமக் காவல் நிக்காது. அந்தக் காடி வாடையும் அப்படி உடையும்போது வருததுதான்."

"அப்போ போலிதான?"

"இல்ல. போலின்னா முதல் கோபுரம் குட்டையா இருக்கும், ரெண்டாவது இருக்கவே இருக்காது. போடாத மருந்து கெட்டுப்போகாது, அண்ணாச்சி. இங்கன முதல்ல எவ்வளவு குறையுதோ, ரெண்டாவதுல கிட்டத்தட்ட அவ்வளவும் இருக்கு. முழு மருந்தும் போத்தலுக்குள்ள போயிருக்கு. உள்ள வச்சுக் கெட்டிருக்கு."

கொட்டகையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இத்தனை நாள் சுமந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாத மூச்சு. "கடக்காத்து செஞ்ச வேலை. யாரக் குத்தம் சொல்ல?" என்றார் ஒரு கிழவர். "தோணியில அடுப்பாங்கரைப் பக்கம் வச்சிருப்பானுவ," என்றான் இன்னொருவன். ஜோன்ஸ் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான். "அப்போ கடைமேல தப்பு இல்லன்னு ஆகிப்போச்சு. தீர்மானத்த அடிச்சிருங்க, கிங்ஸ்டன்."

அதோடு முடிந்திருக்கும். டெல்பின் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பலகையும் தப்பியது, பெயரும் தப்பியது.

அப்போது மரியான் பேசினான். மெல்லிய குரல், கேட்பதற்காகக் கூட்டம் தானாக அடங்கியது.

"எனக்கு அந்த வாடை வந்துச்சு, அக்கா. போன நடைக்கே வந்துச்சு. காடி மாதிரி இருக்கேன்னு நினைச்சேன். கரைக்கு வந்ததும் நீங்க மணந்து பாத்து, நல்லாருக்குன்னு மெழுகு பூசிக் குடுத்திய. சரி, நம்ம மூக்குதான் கோளாறுன்னு நினைச்சு முழுங்கினேன்."

குறை சொல்கிற குரலே இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான்.

டெல்பின் குடையை மேசைமேல் வைத்தார். முதுகு இன்னும் நேரானது போலிருந்தது.

"உன் மூக்கு கோளாறு இல்ல, மரியான். என் மூக்குதான் செத்துப்போச்சு. கொரோனாவுல செத்தது. மூணு வருசம் ஆச்சு."

"அத்தை!" என்றான் ஜோன்ஸ்.

"மூணு வருசமா உங்க போத்தல்களத் திறந்து, மணந்த மாதிரி மணந்து, நல்லாருக்குன்னு சொல்லிக் குடுத்திருக்கேன். எனக்கு ஒண்ணும் மணக்கல. சொல்ல வெக்கம். ரோச் கடையில மூக்கு போச்சுன்னு ஊரு பேசுமேன்னு சொல்லல. இன்னொண்ணும் இருக்கு. அட்டையிலயே வச்சிருந்தா இது கெட்டிருக்காது. அந்தப் பிள்ளை அட்டையையும் ஓட்டிக் காட்டிட்டா, பாத்திய. தாத்தா காலத்துப் பெருமைக்காக அட்டையக் கிழிச்சுப் போத்தல்ல போட்டது நாங்கதான். கடக்காத்து மேல போடாதிய. கம்பெனி மேல போடாதிய. கடக்காத்து அதுபாட்டுக்குத்தான் வீசுது."

வெளியே ஒரு தோணியின் கயிறு காற்றில் இழுபட்டு முனகியது.

கிங்ஸ்டனுக்குத்தான் முதலில் குரல் வந்தது. "மூணு வருசமா முப்பத்திரண்டு தோணிய ஏமாத்தியிருக்கிய."

"ஆமா. ஏமாத்தினேன். எழுது."

அவன் பேனாவைத் திறந்தான். டெல்பின் மேசையைச் சுற்றிக்கொண்டு போய்ப் புத்தகத்தைக் குனிந்து பார்த்தார்.

"தலைப்ப முதல்ல அடி."

"எந்தத் தலைப்பு?"

"போலி மாத்திரைன்னு எழுதியிருக்கியே பாரு. அத அடி."

"ஒத்துக்கிட்டு அப்புறம் என்ன, அக்கா? போலியோ கெட்டதோ, மச்சானுக்கு நெஞ்சு வலிச்சது வலிச்சதுதான?"

"வலிச்சது. அதுக்கு நான் அவன் முன்னால நின்னு பதில் சொல்லுதேன், உன் முன்னாலயும் சொல்லுதேன். நாளைக்கு மருந்து ஆய்வாளர் ஆபீசுக்கு நானே போயி இதையே சொல்லப் போறேன். லைசென்ச நிறுத்துதான்னா நிறுத்தட்டும். ஆனா போலிங்கது வேற. அது சுண்ணாம்ப அடைச்சு மருந்துன்னு விக்கவன் செய்யுத வேலை. எங்க வீட்டுல மூணு தலைமுறையில ஒருத்தன் அதச் செஞ்சது கிடையாது. மூக்கு செத்தவன்னு எழுது, பொறுத்துக்கிடுதேன். வீம்பு பிடிச்சவன்னு எழுது, அதுவும் சரிதான். திருடின்னு எழுதினா இந்த இடத்த விட்டு அசைய மாட்டேன். ரெண்டுக்கும் வித்தியாசம் என் வாயில இல்ல; அந்தத் திரையில இருக்கு. ரெண்டாவது கோபுரத்தப் பாத்துட்டு எழுது."

கிங்ஸ்டன் திரையைப் பார்த்தான். ஜாஸ்லினைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். மரியானைப் பார்த்தான்.

"அடிச்சிருலே," என்றான் மரியான். "அவிய சொல்லுதது நியாயம்."

கிங்ஸ்டன் தலைப்பை அடித்தான். ஒரு கோடு போட்டான். டெல்பின் காத்திருந்தார். இன்னொரு கோடும் போட்டான். அதன் கீழே டெல்பின் சொல்லச் சொல்ல எழுதினான்: தோணிகளுக்குக் கொடுத்த ஆஸ்பிரின் போத்தலில் ஈரம் பட்டுக் கெட்டது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க முடியாத நிலையை மூன்று வருடம் மறைத்தார். பெயர் டெல்பின் ரோச்.

"வாசி."

வாசித்தான்.

"பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கணும்."

மறுபடி சத்தமாக வாசித்தான். டெல்பின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போத்தல் சீட்டுகளில் போடும் அதே எழுத்து.

"போத்தல் எல்லாம் சனிக்கிழமைக்குள்ள என் கைக்கு வரணும். ஆஸ்பிரின் மட்டும் இல்ல, எல்லா மருந்தும். உடைக்கதா இருந்தாலும் உள்ள இருக்கதக் கொட்டிட்டுத்தான் உடைக்கணும், கோழி கொத்திறப்படாது. அதுக்குப் பதிலா அட்டை குடுப்பேன். லைசென்ச நிறுத்தினா வேற கடையில வாங்கியாவது குடுப்பேன்."

"அக்கா," கிங்ஸ்டனுக்கு ரோசம் இன்னும் ஆறவில்லை. "சீசன் ஆரம்பிச்சதும் நாங்க உங்க கடைக்கு வருவோம்னு யார் சொன்னா?"

"வர வேண்டாம். கடை அங்கனதான் இருக்கும். பலகையும் அங்கனதான் இருக்கும். தெருவக் கடந்து போகையில நிமிந்து படிச்சிட்டுப் போங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி உடனே அடங்கியது. ஜோன்ஸ் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். ஜாஸ்லின் பம்புகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

மரியான் நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்து வந்தான். "மாலேயில குடுத்த மாத்திரை நேத்தோட தீந்துட்டு, அக்கா. இன்னைக்கி எதப் போட?"

மேசைமேல் இரண்டாவது ஓட்டத்துக்குத் திறந்த அட்டை கிடந்தது. பதினான்கில் ஒன்று போக மீதி பதின்மூன்று. டெல்பின் எடுத்து நீட்டினார். அவன் கை வாங்க வந்தபோது விடாமல் பிடித்துக்கொண்டார்.

"மணந்து பாரு."

"அட்டையில இருக்கதப் போயி..."

"கிழிச்சுப் பாரு. நீயே பாரு. இனிமே யார் குடுத்தாலும் நீயே மணந்து பாத்துட்டுத்தான் வாயில போடணும். யாருன்னாலும்."

மரியான் பெருவிரலால் ஒரு மாத்திரையை அமுக்கி உள்ளங்கையில் தள்ளினான். மூக்கருகே கொண்டுபோனான். கொட்டகை முழுக்க அவனையே பார்த்தது. அவன் அவசரப்படவில்லை; கடலில் திசை பார்க்கிறவன் நிதானத்தோடு ஒரு தடவை மணந்தான், காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று இன்னொரு தடவை மணந்தான்.

டெல்பின் நின்றார். இத்தனை வருடத்தில் ரோச் வீட்டார் ஒருவர், மணந்து பார்க்கும் இன்னொருவர் முன்னால் முடிவுக்காகக் காத்து நிற்பது இதுதான் முதல் தடவை. நாற்காலி அருகேயே கிடந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"வாடை இல்ல," என்றான் மரியான். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குக் கையை நீட்டினான்.